31 கோல் வாங்கும் அணியைக் கிருஷ்ணகிரியில் படம் பிடிக்க

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு நாட்டுக் கால்பந்து அணி, அதை மேய்க்க வந்து மாட்டிக்கொண்ட மேனேஜர். பத்து நிமிடக் குறும்படத்துக்கு இது தாராளம். கோல் விழும்போது கோட்டோரம் நிற்கிற அந்த மனுஷன் முகத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. 2001 ஏப்ரல் 11-ல் ஆஸ்திரேலியாவிடம் பசிபிக் தீவான அமெரிக்க சமோவா 31-0 என்று தோற்றபோது, ஸ்கோர் போர்டே எண்ணிக்கை தவறி 32 காட்டியது. 31-ஐயும் எடுக்காதீர்கள். மூன்று கோல் போதும். மீதிக்கு, பலகையில் நம்பர் மாட்டும் பையன். அட்டை தீர்ந்துபோய் அவன் மேனேஜரைத் திரும்பிப் பார்க்கட்டும்.

கோல் போஸ்ட் ஒரு பக்கம் இருந்தால் போதும். 24 அடி அகலம், 8 அடி உயரம். இதைக் குறைத்தால் பள்ளிக்கூட மேட்ச் ஆகிவிடும். சவுக்குக் கம்பு நடுவில் தொய்யும், ஜி.ஐ. பைப்பில் வெள்ளையடியுங்கள். பின்பக்கம் மணல் மூட்டை வைத்துக் கட்டாமல் யாரையும் கீழே நிறுத்தாதீர்கள், கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. கோட்டுக்குக் கோலமாவு போடுங்கள். சுண்ணாம்பு, புரளும் கீப்பரின் கண்ணைப் பொசுக்கிவிடும்.

பெரிய தலைவலி செம்மண். வெள்ளை ஜெர்சி முதல் டேக்கிலேயே காவியாகும்; எடிட்டிங்கில் 10-வது நிமிடத்தில் அழுக்கு, 60-வதில் பளிச்! அதனால் மேட்ச் வரிசையிலேயே எடுங்கள். முடியாதென்றால் ஆளுக்கு இரண்டு செட். இரண்டாவதில் மண்ணைக் குழைத்து முழங்கை, இடுப்பில் மட்டும் தேய்த்துக் காயவையுங்கள்.

கீப்பர் கோட்டைவிடும் ஷாட்டில் உதைக்க ஆள் வேண்டாம், கேமராவுக்குப் பக்கத்திலிருந்து பந்தைக் கையால் எறியுங்கள். கீப்பர் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுப் பாயணும். எறிகிற கையைப் பார்த்துவிட்டால் அந்த டேக் போச்சு. காய்ந்த தரையில் பந்து எகிறும். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை, கீழளவிலேயே வையுங்கள்.

மேனேஜர் குளோசப்பைக் காலை 9-க்குள் முடியுங்கள். உச்சி வெயிலில் புருவ நிழல் விழுந்து கண்ணே தெரியாது. மாங்காய் சீசனில் காலையில் கூட்டம் சேராது, கூட்டத்தின் ஷாட்டை ஞாயிறு மாலைக்குத் தள்ளலாம். ஆனால் மேனேஜருக்கு எந்தக் கன்னத்தில் வெயில் விழுந்ததோ, அதே கன்னத்தில் விழுகிற மாதிரி கூட்டத்தை உட்காரவையுங்கள். நாற்பது பேரைத் துண்டு, தொப்பி மாற்றி மூன்று இடத்தில் உட்கார்த்தி எடுத்தால் கேலரி நிறையும். "ச்சே" என்கிற சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கேமரா ஓடும்போது சொன்னால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள்.