மூக்குக் குத்தாமல் ஒரு நத்து: கம்பி, முத்து, கொஞ்சம் தங்கூசி

நவராத்திரி நெருங்கினால் திருகோணமலையில் நடன வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு நத்து என்கிற மூக்கு வளையம் தேடும் வேலை தொடங்கிவிடும். ஒரு வருடம் அக்காவின் மகள் கடை நத்துடன் மேடை ஏறினாள். பாதி ஆட்டத்தில் அது கழன்று மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை முத்திரையை விடாமல், உதட்டை மட்டும் ஊதி ஊதிப் பார்த்தாள். முத்துகள் கூடிப்போய் நத்து பாரம்; பிடி இல்லை. அதன்பிறகு நானே செய்கிறேன்.

மகாராஷ்டிரத்து நத்து முத்துக் கொத்தும் சிவப்பு, பச்சைக் கற்களுமாக இடது மூக்கில் இருக்கும். ராஜஸ்தான், குஜராத் பக்கம் பெரிய வளையம். பாரம் மூக்கை இழுக்காமல் ஒரு சங்கிலியைக் காதுக்கு மேலே கூந்தலில் கொளுவிவிடுவார்கள். அந்தச் சங்கிலி யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

தேவையானவை: 0.8 மி.மீ. பொன்னிறப் பித்தளைக் கம்பி 9 செ.மீ., 0.3 மி.மீ. மெல்லிய கம்பி இரண்டு சாண், 4 மி.மீ. பிளாஸ்டிக் முத்து நான்கு, அதே அளவில் சிவப்பு மணி ஒன்று, மூக்குக் குறடு, தடித்த மாக்கர் பேனை, கொஞ்சம் தங்கூசி (மீன்பிடிக்கும் நைலோன் நூல்). கண்ணாடி மணி வேண்டாம், பாரம்.

முதலில் கம்பியின் ஒரு நுனியைக் குறட்டால் 3 மி.மீ. அகலக் கண்ணாக உருட்டுங்கள். கம்பியை மாக்கரில் சுற்றி வளையமாக்குங்கள். இப்போது மறுநுனி வழியாக இரண்டு முத்து, சிவப்பு மணி, இரண்டு முத்து. அப்புறம்தான் அந்த நுனியில் கண். அவசரத்தில் இந்த இரண்டாவது கண்ணையும் முதலிலேயே உருட்டிவிட்டு, மணியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த நாட்கள் எனக்கு உண்டு.

மணிகள் வளையத்தின் அடியில் நிற்க, வரிசையின் இரு பக்கமும் மெல்லிய கம்பியை ஆறு சுற்று இறுக்கமாகச் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய நுனியை உள்ளே அமுக்கி, விரலால் தடவிப் பாருங்கள், குத்தவே கூடாது.

பிடி இரண்டு கண்களிலும்தான் இருக்கிறது. ஒன்று மூக்குக்கு உள்ளே, மற்றது வெளியே இருக்கும். உருட்டியபடியே விட்டால் கம்பியின் விளிம்பு தோலை அறுக்கும். ஒவ்வொரு கண்ணையும் குறட்டால் பிடித்துக் கால் சுற்றுத் திருப்புங்கள். கண் தட்டையாகத் தோலில் படியும். இடைவெளி முதலில் ஒரு இரண்டு ரூபாய்க் குத்தி நுழையும் அளவு இருக்கட்டும். பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். மூக்கில் இருக்கும்போது குறட்டைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

இனித் தங்கூசி. மீன்பிடிச் சாமான் கடையில் இருப்பதிலேயே மெல்லியதாக வாங்கி, வளையத்தின் கன்னப் பக்கத்தில் முடிந்து, காதுக்கு மேல் கொண்டை ஊசியில் கட்டுங்கள். சிறிது தளர்வு வேண்டும், இல்லையென்றால் தலை திரும்பும்போது மூக்கும் சேர்ந்து திரும்பும். மேடை வெளிச்சத்தில் தங்கூசி தெரியாது.

சரி, நிற்கவைத்துப் பார்த்தால் போதாது, பாதம் தட்டி ஆடும் தட்டடவு நான்கு ஆடச் சொல்லுங்கள். நழுவினால் இன்னும் நெருக்குங்கள். தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே கழற்றுங்கள்; சிலருக்கு உலோகம் ஒத்துக்கொள்ளாது. சின்னஞ்சிறுசுகளுக்குப் போடவே வேண்டாம், மூக்குக்குள் இழுத்துவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வேர்வையைத் துடைத்து, காற்றுப் புகாத பையில் போடுங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் வெளியே கிடந்தால் அடுத்த நவராத்திரிக்குள் பித்தளை கறுத்துவிடும்.