கிணற்றுத் தண்ணீரில் பீக்கொக் சிக்லிட்: நிறம் எடுக்க வைக்கும் முறை

இரணைமடுக் குளத்துத் திலாப்பியாவும் சிக்லிட் குடும்பம்தான். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதன் ஆண் மீன் உடம்பு கறுத்து, செட்டை ஓரம் சிவந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆபிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த தொட்டி மீனான பீக்கொக் சிக்லிட்டும் அப்படித்தான். தனக்கென்று இடம் பிடித்த ஆண்தான் முழு நிறம் காட்டும். பெண் மீன் கடைசிவரை சாம்பல்தான்.

முதலில் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் உங்கள் கிணறு இந்த மீனுக்குத் தோதானது. மலாவி மீன்களுக்கு 7.8 முதல் 8.6 வரை பிஎச் (புளிப்பு, கார அளவு) உள்ள கடினத் தண்ணீர்தான் வேண்டும். வாதுமை இலை தண்ணீரைப் புளிப்பாக்கும், போட வேண்டாம். ஹீற்றரும் எங்கள் வெக்கைக்குத் தேவையில்லை.

நாலடித் தொட்டி வாங்குங்கள். பின் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ற் அடியுங்கள். பின்னால் ஒட்டக் கடையில் விற்கும் பவளப்பாறைப் படம் எனக்குப் பிடிக்காது, வெளிர் பின்னணியில் மீனும் வெளிறும். கழுவிய ஆற்று மணல், மேலே குகைபோல அடுக்கிய கருங்கல். ஸ்பொஞ் பில்டர் இரண்டு. கழிவு நஞ்சைச் சிதைக்கும் பக்ரீரியா பில்டரில் வளர 4 முதல் 6 கிழமை ஓடவிட்டு, அந்த நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமானதும் மீன் விடுங்கள். பிஎச் கூடிய தண்ணீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும், அவசரப்படாதீர்கள்.

இனி, நான் தவறவிட்ட இடம். முதல் தடவை, விரல் நீளத்துக்குள்ளேயே பளபளவென்று நீலமாக இருந்த குஞ்சுகளை ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டு மாதத்தில் எல்லாம் வெளுத்துப் போயின. ஹோர்மோன் கொடுத்து நிறமேற்றிய குஞ்சுகள் அப்படித்தான் வெளுக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் தடவை ஒரே இனத்தில் மூன்று ஆண்களை இரண்டடித் தொட்டியில் விட்டேன். பெரியவனின் முகம் மட்டும் நீலமாக மின்னியது. மற்ற இரண்டும் மேல் மூலையில், பில்டர் குழாய்க்குப் பின்னால், செட்டையை மடக்கி, உடம்பில் குறுக்குக் கோடு விழுந்து ஒதுங்கி நின்றன. நான் தீனியை மாற்றி மாற்றிப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அடி வாங்கும் மீன் நிறம் எடுக்காது. ஒரு ஆணுக்கு நான்கு பெண் என்று மாற்றிய பிறகுதான் சரி வந்தது. ஆகவே மங்கலான குஞ்சையே வாங்குங்கள். ஆண் ஆறேழு சென்ரிமீற்றர் வளரும்போது தானாக நிறம் ஏறத் தொடங்கும்.

தீனிக்கும் பங்கு உண்டு, ஆனால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும்தான். அந்தச் சாயத்தை மீன் தானே உண்டாக்காது. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குறுணித் தீனியும், கிழமைக்கு இருமுறை உப்பில்லாமல் அவித்து நறுக்கிய நந்திக்கடல் இறாலும் போதும். நீலம் தோலின் நுண்தட்டுகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. அதற்குத் தேவை சுத்தமான தண்ணீரும் நிம்மதியும். கிழமைக்கு நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பொஞ்சை, அப்படி வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குளோரின் தண்ணீரில் நல்ல பக்ரீரியா செத்துவிடும்.

பின்சேர்ப்பு: மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து நிரப்பிய ஒரு வாசகரின் மீன்கள் சோர்ந்துவிட்டனவாம். மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிய வெறும் சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி, வலைப்பையில் கட்டி பில்டர் பக்கத்தில் போடுங்கள். கரண்ட் போகும் ஊர் என்றால் பற்றரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.