எண்ணெய் குளியல்: அவசரமில்லாம, முறையா எப்படி குளிக்கிறது

முகத்துக்கு ஒரு சீரம், முடிக்கு ஒரு சீரம்னு செலவு பண்றதுக்கு முன்னாடி வாரத்துல ஒரு நாள் எண்ணெய் தேய்ச்சு குளிங்க, யாரு கேட்டாலும் நான் இதத்தான் சொல்வேன். வைத்தியனுக்கு கொடுக்கிறத வாணியனுக்கு கொடுன்னு பெரியவங்க சும்மா சொல்லல. ஆனா தலையில ரெண்டு சொட்டு தடவி ஷாம்பூ போட்டு அலசிட்டு ஆபீஸுக்கு ஓடுறது எண்ணெய் குளியல் கிடையாது, அன்னைக்கு அரை நாளாவது உடம்புக்குன்னு ஒதுக்கணும், அது இல்லாம எவ்வளவு நல்ல எண்ணெய் வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

எண்ணெய்னா நல்லெண்ணெய்தான், செக்குல ஆட்டினது கிடைச்சா ரொம்ப நல்லது. விலை கம்மியா இருக்கேன்னு விளக்கேத்துற தீப எண்ணெய் பாக்கெட்ட மட்டும் வாங்கிடாதீங்க, அது உடம்புல தேய்க்கிறதுக்கானது இல்ல. ஒரு ஆளுக்கு 50, 60 மில்லி போதும், நீள முடின்னா இன்னும் கொஞ்சம். சின்ன இரும்புச் சட்டியில ஊத்தி அடுப்ப சிம்ல வச்சு ஒரு ஸ்பூன் சீரகம், நாலஞ்சு மிளகு, ரெண்டு பல்லு பூண்டு போடுங்க. மிளக ஒண்ணு ரெண்டா தட்டிப் போடணும், முழுசா போட்டா வெடிச்சு மூஞ்சில தெறிக்கும். சீரகம் பொரிஞ்சு வாசம் வந்த உடனே இறக்கிடுங்க, புகைய விட்டா அந்த கருகல் வாடை முடியிலயே நிக்கும். வடிகட்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு தேய்க்கணும்.

உச்சந்தலையில ஆரம்பிங்க, நகம் படாம விரல் நுனியால. அப்புறம் காதுக்குப் பின்னாடி, பிடரி. கை காலுக்கு நீளவாக்குல இழுத்து தேய்க்கணும், முட்டி, மணிக்கட்டு மாதிரி மூட்டு வர்ற இடத்துல வட்டமா. வயித்துல கடிகார முள்ளு சுத்துற பக்கமா மெதுவா. உள்ளங்கால கடைசியா வச்சுக்கோங்க, ஸ்டூல்ல உட்கார்ந்தே தேய்ங்க, எண்ணெய் காலோட பாத்ரூம்ல நடந்து வழுக்கி விழுந்தவங்க நிறைய பேரு. முகப்பரு இருந்தா முகத்த விட்டுடுங்க. 20 நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணி நேரம் ஊறினா போதும், விடிய விடிய எல்லாம் ஊற வேண்டாம்.

குளிக்க வெதுவெதுன்னு தண்ணி. தலைக்கு சீயக்காய். கடையில வாங்குறதவிட வீட்டுல அரைக்கிறது எவ்வளவோ மேல்: 1 கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூலாங்கிழங்கு, காஞ்ச செம்பருத்தி இலை, எல்லாத்தையும் மொறுமொறுன்னு வெயில்ல காய வச்சு மில்லுல கொடுத்து அரைச்சுட்டா மாசக்கணக்குல வரும். தண்ணியில கரைக்காம சூடா வடிச்ச கஞ்சியில கரைங்க, கொழகொழன்னு முடியில நல்லா பிடிக்கும், எண்ணெயும் சுத்தமா போகும், முடியும் வறண்டு போகாது. கண்ணுல பட்டா எரியும், இறுக்கி மூடிக்கோங்க. உடம்புக்கு பயத்தமாவே போதும்.

முடிய நல்லா துவட்டி சாம்பிராணி காட்டலாம், வீட்டுல யாருக்காவது வீசிங் இருந்தா புகை வேண்டாம். சூடா சாதம், மிளகு ரசம், பருப்புத் துவையல்னு லேசா சாப்பிடுங்க. தயிர், ஐஸ் தண்ணி, பகல் தூக்கம், வெயில்ல அலையுறது இதெல்லாம் அன்னைக்கு கூடாதுன்னு சித்த வைத்தியத்துல சொல்வாங்க. தூக்கம்தான் கண்ண சொக்கும், சமாளிச்சு ராத்திரி சீக்கிரமா படுத்தீங்கன்னா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்க. ஆம்பளைங்களுக்கு புதன், சனி, பொம்பளைங்களுக்கு செவ்வாய், வெள்ளின்னு வழக்கம், வேலைக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை குளிங்க, ஒண்ணும் தப்பில்ல.

தோல் வறட்சி, உடம்பு அசதி, தூக்கம் இதுக்கெல்லாம் நல்லது, அதுக்காக சுகரே போயிடும்னு யாராவது சொன்னா நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க. காய்ச்சல், சளி, ஆறாத புண்ணு இருக்கும்போது வேண்டாம், மாசமா இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. சந்தேகம்னா கவர்மென்ட் ஆஸ்பத்திரி சித்தா பிரிவுலயோ தாம்பரத்துல இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துலயோ காட்டலாம். கைக்குழந்தைக்கு உடம்புல மட்டும் இதமா தடவுங்க, மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடுற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க, மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா வரைக்கும் போகும், வீட்டுல பெரியவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.