முழுநேரக் கல்யாணப் படப்பிடிப்புக்கு வர: ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கம்பனி வேலை பார்த்தபடி, சனி ஞாயிறில் கல்யாணம், சாமத்திய வீடு எடுக்கிறீர்களா? முழுநேரமாக இறங்கும்போது புதுக் கமராவை விட முக்கியம், எந்த மாதத்தில் விலகுகிறீர்கள் என்பது.

ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை, புரட்டாதியிலும் குறைவு. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் ஓய்ந்துவிடும். அது ஆண்டுக்கு 11 நாளளவில் முன்னே நகரும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை. மண்டபத்துக்குள் கல்யாணம் நடக்கும், கல்லடிக் கடற்கரையில் படம் எடுக்க முடியாது. புரட்டாதியில் விலகினால் தை வரை கை கடிக்கும். தை, மாசிக்கு முற்பணம் வாங்கிய பின் விலகுங்கள்.

அடுத்தது கம்பனிக் காசு. 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 ஆண்டு முடித்தால், ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. கடைசிச் சம்பளம் 80,000, சேவை 6 ஆண்டு என்றால் 240,000 ரூபா. நாலே முக்கால் ஆண்டில் அவசரப்பட்டால் அது போயிற்று. சேமலாப நிதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். லீசிங் தேவையென்றால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே கேளுங்கள். பிறகு வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும்.

பலர் சறுக்குவது விலையில். உதாரணத்துக்கு 120,000 ரூபாக் கல்யாணம்: அல்பம் 30,000, உதவியாளர் 12,000, வாகனம் 6,000 போக மிச்சம் 72,000. எடுப்பது ஒரு நாள், எடிட்டிங் ஐந்து நாள், நாளுக்கு 12,000. எடிட்டிங்கை எண்ணாமல் 'ஒரே நாளில் 72,000' என்று மகிழ்பவர்தான் மூன்றாம் மாதம் கடன் கேட்பார். சொந்தக்காரருக்கும் இதே விலைதான். வேண்டுமானால் அல்பத்தில் பக்கம் கூட்டிக் கொடுங்கள். பதிவுக்குப் பாதி, கல்யாணத்தன்று 40 வீதம், அல்பம் கொடுக்கும்போது மிச்சம் என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். அச்சுக்கு அனுப்புமுன் 90 வீதம் கையில் இருக்க வேண்டும்.

பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறவுங்கள். ஹோட்டல்கள் காசோலையை அதற்குத்தான் எழுதும்.

கடைசியாக லென்ஸ். வாவிக்கரை ஈரத்தில், பையிலேயே கிடக்கும் லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி போதும். ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். மணிகள் நிறம் மாறினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்துங்கள்.