வட்டார அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது?

சிற்பம், நாணயம், ஓவியம், பாறை, பாடம் செய்த பறவை என்று எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும் வட்டார மியூசியத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் ஆரம்பித்து ஒரு பெட்டி விடாமல் பார்த்துக்கொண்டே போவார்கள், மூன்றாவது அறைக்குள் கால் கடுக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எதுவும் மனதில் ஏறாது. இது உங்கள் குறை இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே இந்தச் சோர்வைப் பற்றிக் கட்டுரை எழுதி, பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படத்தோடு காட்டினார். அதனால் எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். வரலாறு, கலை, இயற்கை மூன்றும் தனித்தனிப் பிரிவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே நிலத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆகவே ஆறோ மரமோ உலோகமோ ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அது மூன்றிலும் எங்கெங்கே வருகிறது என்று தேடிப் போங்கள்.

எனக்குப் பிடித்தது நிறம். முதலில் கனிமப் பெட்டி. பச்சை மாலகைட், சிவப்புச் சாதிலிங்கம், காவிக்கல், நீல லாபிஸ் லசூலி, இதில் எது இருக்கிறதோ அதன் நிறத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு நேராக ஓவிய அறைக்குப் போங்கள், ஏனென்றால் இந்தக் கற்களை அரைத்துத்தான் பழைய ஓவியர்கள் வண்ணம் எடுத்தார்கள். ஓர் ஓவியத்தின் நீலம் லாபிஸ் என்று குறிப்பு சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்: பல நூற்றாண்டுகளாக அந்தக் கல் முக்கியமாக ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்துதான் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அது எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வியோடு வரலாற்று அறைக்குள் போனால், அங்கே இருக்கும் நாணயங்களும் எடைக்கற்களும் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

ஓவிய அறை இருட்டாக இருக்கிறதே என்று எரிச்சல் வேண்டாம். நீர்வண்ணம், துணி, இறகு எல்லாம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கு வைப்பார்கள். உள்ளே போனதும் சில நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும்.

இயற்கைப் பிரிவைப் பலர் குழந்தைகளுக்கானது என்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம். பாடம் செய்த பறவையின் கண் வெறும் கண்ணாடிதான், ஆனால் அதன் குறிப்பில் இருக்கும் இடமும் தேதியும் பொன்னானவை. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்து வந்திருப்பதை 1967-இல் வெளியிட்டார். டிடிடி பூச்சிக்கொல்லியின் கேடு வெளியே வர அது பெரிய சான்று. எப்போதோ யாரோ தேதி எழுதி வைத்த முட்டைகள் இல்லையென்றால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது. ஆகவே பெயரை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்றும் பாருங்கள். எலும்புக்கூடு என்றால் அது நிஜமா, அச்சில் வார்த்த நகலா என்பதையும் கவனியுங்கள், பெரும்பாலும் குறிப்பிலேயே இருக்கும்.

சின்ன மியூசியம்தானே என்று நினைத்தால், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1938 டிசம்பரில் அதன் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் ஒரு மீன்பிடிப் படகின் குவியலில் விசித்திரமான நீல மீனைப் பார்த்து எடுத்துவந்தார். 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய சீலகாந்த் அது.

சரி, சில நடைமுறை விஷயங்கள். வாரத்தில் எந்த நாள் விடுமுறை, டிக்கெட் எத்தனை மணி வரை என்று முன்பே பாருங்கள், பல இடங்களில் மூடும் நேரத்துக்கு முன்னாலேயே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பெரிய பையைத் தவிருங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை. ஃபிளாஷ் வேண்டாம். தொடவே தொடாதீர்கள்: கையின் எண்ணெயும் உப்பும் உலோகத்தை அரிக்கும், பழைய பாடம் செய்த விலங்குகளிலோ பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக் தடவியிருப்பார்கள், அது உங்களுக்கே ஆபத்து. குழந்தைகளோடு போனால் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்பார்கள்.

இன்னொன்று, காட்சியில் இருப்பது சேகரிப்பின் ஒரு பகுதிதான். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவில் வாழ்ந்த, குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கான தாஸ்மேனியப் புலிகளில் அறியப்பட்ட கடைசி ஒன்று 1936-இல் இறந்தது. அதன் தோலும் எலும்பும் தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள், கடைசியில் 2022-இல் பார்த்தால் அதே தீவின் ஹோபார்ட் நகரில் உள்ள அருங்காட்சியகத்தின் அலமாரியிலேயே இருந்தன. குறிப்பிட்ட ஊரின் பழைய புகைப்படமோ ஒரு செடியின் உலர்மாதிரியோ உங்களுக்குத் தேவை என்றால், எதற்காக என்பதை எழுதி முன்கூட்டியே காப்பாளருக்கு அனுப்புங்கள். ஏதாவது பொருளின் பதிவு எண் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், கிடங்கில் தேடுபவருக்கு அதுதான் முகவரி.