பெயரைச் சொல்லி "வந்தார்" என்று முடித்துப் பாருங்கள்

என் பெயர் அமிர்தம். ஆண்தான். அடுத்தது பேத்தி என்று வீட்டில் முடிவுகட்டி, அப்பாயி பெயரை எடுத்து வைத்திருந்தார்கள். வந்தது நான். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. போன மாசம்கூட ஒரு பல் ஆஸ்பத்திரியில் "அமிர்தம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். மீசையோடு நான் எழுந்து போனால், அந்தப் பெண் எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்க்கிறாள், அம்மா எங்கே என்று.

இந்தப் பெயரோடு 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடும் எழுதியதால், சொந்தத்தில் குழந்தை பிறந்தால் எனக்குப் போன் வந்துவிடும். "இந்தப் பேரு பையனுக்கு ஒத்துவருமா, பொண்ணு பேர் மாதிரி இருக்கா?" நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில் பெயரின் வாலைப் பார்ப்பேன். 'ன்' என்று முடிந்தால் ஆண், இ, ஐ, ஆ என்று முடிந்தால் பெண் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சாத்தன்–சாத்தி, இனியன்–இனியா. ஆனால் ரவி, ஹரி, துரை, ராஜா எல்லாம் என் பதிவேட்டில் பையன்கள் பக்கம்தான் இருந்தார்கள். ஐயில் முடிவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மலை என்றால் ஆண்: அண்ணாமலை, ஏழுமலை, திருமலை. ஆறு என்றால் பெரும்பாலும் பெண்: காவேரி, பொன்னி, யமுனா. ஊர்ப் பெயர் ஆண் பக்கம் சாயும்: பழனி, காசி, சிதம்பரம்.

'அம்' என்று முடிவதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். என் தலையெழுத்தும் அங்கேதான் இருக்கிறது. மாணிக்கம், ரத்தினம், வைரம் என்றால் ஆண். மரகதம், பவளம் என்றால் பெண். ஒரே நகைப்பெட்டிக்குள் இப்படி! செல்வம் ஆண், பாக்கியம் பெரும்பாலும் பெண். இதற்கு இலக்கணம் கிடையாது, பழக்கம்தான்.

அடுத்து, பெயரை வீட்டில் எப்படிச் சுருக்குவார்கள் என்று யோசியுங்கள். மீனாட்சிசுந்தரம் முழுசாக இருக்கும்வரை ஆண். உ.வே.சா.வின் ஆசிரியரே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதானே. ஆனால் தெருவில் "டேய் மீனாட்சி" என்று கூப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. குலதெய்வத்தின் பெயரை அப்படியே பையனுக்கு வைப்பதும் நம் ஊரில் புதிதில்லை. காமராஜருக்கு முதலில் வைத்த பெயர் காமாட்சி. அம்மா ராஜா என்று கூப்பிட்டு, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது.

பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்த கையோடு ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ராமாவும் ரமாவும் ஆங்கிலத்தில் ஒரே நான்கு எழுத்து. பாஸ்போர்ட்டில் நெடில் குறில் எல்லாம் வராது.

பிள்ளை நாளைக்கு வெளிமாநிலம், வெளிநாடு போகும் என்று நினைத்தால் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள். ஜோதி நமக்குப் பெரும்பாலும் பெண், வங்காளத்தில் முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு ஆண். நிகிதா இங்கே பெண் குழந்தை, ரஷ்யாவில் ஆண் பெயர், சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயரே அதுதான். கிரண் என்றதும் சிலருக்குக் கிரண் பேடி ஞாபகம் வரும், ஆந்திராக்காரர்களுக்கு முன்னாள் முதலமைச்சர் கிரண்குமார் ரெட்டி. இந்தக் கிரண் ஜெர்மனியில் வழக்கே ஆகிவிட்டது. இந்தியத் தொடர்புள்ள ஒரு குடும்பம் மகளுக்கு அந்தப் பெயரை வைக்க, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், 2008-ல் பெற்றோர் பக்கம் தீர்ப்பானது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையா? அப்போதுதான் என் சோதனை. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தார்' மட்டும் காட்டாது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் அக்கா மகளுக்குப் பையன் பிறந்தான். "மகிழ்னு வைக்கலாம்னு இருக்கோம் மாமா" என்றாள். நான் கருத்துச் சொல்லவில்லை. மறுநாள் பால்காரரிடம், "மகிழ் வந்திருந்தார், உங்களைக் கேட்டார்" என்றேன். "எந்தத் தம்பிங்க?" என்றார். அதையே மாடி வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். "எங்க கிளாஸ் மகிழா? அவ எதுக்கு இங்க வந்தா?" என்றாள். எதிர்வீட்டுப் பாட்டிக்குக் காது மந்தம். "முகிலனா?" என்றார். நாம் எதுவும் கேட்கவே கூடாது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் அவர்கள் வாயிலிருந்தே தம்பியோ பொண்ணோ வந்துவிடும். "இது ஆண் பெயரா?" என்று நேராகக் கேட்டால் யோசித்து, நமக்குப் பிடித்த பதிலாகச் சொல்வார்கள். (கடைசியில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பால்காரர் இரண்டு நாள் அந்தத் தம்பியைத் தேடியிருக்கிறார்.)

ஓட்டு எண்ணினால் இரண்டுக்கு ஒன்று, பையன் பக்கம். ஆனால் நான் கல்லூரிப் பெண் சொன்னதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இவனோடு படிக்கப்போவது பாட்டி இல்லையே. "ஒரு 'ன்' சேர்த்து மகிழன்னு வையேன்" என்றேன். "தாத்தா பேர் மாதிரி இருக்கு மாமா" என்றாள். சரி, பெற்றவள் அவள். கூப்பிடப்போவதும் அவள்தான்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரைச் சேர்க்க ஒரு வருஷம்வரை கட்டணமே கிடையாது. அப்புறமும் 15 வருஷம்வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். நாங்கள் மூன்றாம் மாதம் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி தலையைத் தூக்காமல், "பேரு மகிழா?" என்றார். நான், "ஆமா" என்றேன். அச்சடிக்கும் முன் திரையைக் காட்டச் சொல்வது என் பழைய பழக்கம். எட்டிப் பார்த்தால், ஆண் என்று போட்ட கட்டத்துக்குக் கீழே அழகாக 'மகிழா' என்று இருக்கிறது.

"கால் வேண்டாம் தம்பி, ழவுக்குப் புள்ளி வைங்க" என்றேன்.