லாயத்தை ராத்திரியில் போய்ப் பாருங்கள்

குதிரை லாயத்தின் பாதுகாப்பைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது, “ராத்திரி வரலாமா?” பகலில் எல்லா லாயமும் ஒழுங்காகத்தான் இருக்கும். நடை கூட்டியிருக்கும், தீயணைப்பான் பளபளவென்று இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதனால் விளக்கணைத்த பிறகு, கையில் டார்ச்சோடு, அங்கே வேலை பார்க்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நடப்பேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, நேரம் பார்க்க ஒரு கைபேசி, அவ்வளவுதான் தேவை.

புல் அடுக்கியிருக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள். உள்ளே நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பாருங்கள். நல்ல காய்ந்த புல்லுக்கு ஒரு லேசான இனிய வாசம் உண்டு. வெல்லம் கருகியது போலவோ புகையிலை போலவோ வாடை வந்தால், உள்ளே சூடேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே கட்டிவிட்டால், புல்லுக்குள் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தைக் கிளப்பும். அடுக்கின் நடுவில் அந்த வெப்பம் வெளியேற வழியிருக்காது. கட்டிய முதல் 6 வாரங்கள்தான் ஆபத்தான காலம். நீளமான குச்சி வெப்பமானி இருந்தால் நடுவே செருகிப் பாருங்கள். 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 65-ஐத் தொட்டால் தினமும் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். 80-ஐ நெருங்கினால் கட்டுகளைத் தொடவே கூடாது. பதறிப்போய்ப் பிரித்தால் காற்று புகுந்து குபுக்கென்று பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி வந்து நின்ற பிறகே பிரிக்க வேண்டும். அடுக்கின் மேல் ஏறி நடக்கவும் கூடாது. உள்ளே எரிந்து குழி விழுந்திருந்தால் ஆள் அப்படியே உள்ளே போய்விடுவார்.

வெப்பமானி இல்லையா? ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, 20 நிமிடம் கழித்து உருவுங்கள். ஒருமுறை அப்படி உருவிய கம்பியை என்னால் இரண்டு நொடிகூடப் பிடிக்க முடியவில்லை. அந்த அடுக்குக்கு நேர் கீழே ஏழு குதிரைகள் நின்றிருந்தன. பரணில் புல், கீழே குதிரை என்ற அமைப்பைப் பார்த்தாலே நான் சிவப்பு மையை எடுத்துவிடுவேன். புல் தனிக் கட்டடத்தில், தள்ளி இருக்க வேண்டும். லாயத்துக்குள் அன்றைய தீவனம் மட்டும் போதும். லத்திக் குவியலும் இதே மாதிரி உள்ளுக்குள் சூடேறும் சங்கதிதான், அதையும் சுவரை ஒட்டிப் போடாதீர்கள்.

அடுத்து அண்ணாந்து பாருங்கள். ஒட்டடையை அழுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அதைத் திரி என்பேன். ஒரு மூலையில் பற்றிய தீ, தூசி படிந்த ஒட்டடை வழியாகக் கூரை முழுக்க ஓடிவிடும். அப்புறம் மின்விசிறி. வீட்டு விசிறியின் மோட்டார் திறந்திருக்கும். புல் தூசி உள்ளே போய்ப் படிந்து சூடாகும். லாயத்துக்கு மோட்டார் மூடிய விசிறிதான் சரி. ஒயர் குதிரையின் வாய்க்கு எட்டுகிறதா என்று நீங்கள் பார்த்தால் போதாது, குதிரையை நிற்க வைத்துப் பாருங்கள். அதன் கழுத்து எவ்வளவு நீளும் என்பது அப்போதுதான் தெரியும். எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்து ஒயரை விரலால் தடவாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துத் தேடுங்கள். தானியத்தைத் தகர டப்பாவில் மூடி வைத்தால் எலியும் குறையும்.

பலரும் தவறவிடும் ஒன்று, தண்ணீர் பம்ப். தீப்பிடித்ததும் மெயினை அணைப்பார்கள். பம்ப்பும் அதே இணைப்பில் இருந்தால் தண்ணீரும் அதோடு நின்றுவிடும். மெயினை அணைத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். ஹோஸையும் கடைசிக் கொட்டடி, அதாவது ஒரு குதிரை நிற்கும் தடுப்பறை, வரை இழுத்துப் பாருங்கள், சுருட்டி மாட்டியிருப்பதை வைத்து நீளத்தை மதிப்பிட வேண்டாம். வைக்கோல் தீக்குத் தண்ணீர்தான் மருந்து. பவுடர் தீயணைப்பான் மேல் தீயை அமுக்கும், உள்ளே கனல் இருந்தால் மறுபடி எழும். மின்சாரத் தீக்கு மட்டும் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்ஸைடு. அங்கே தண்ணீரை அடித்துவிடாதீர்கள்.

சேணம் வைக்கும் அறையில் எண்ணெய்த் துணிகளைத் தேடுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், தீக்குச்சி இல்லாமலே அது தானாகப் பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள். லாடத்தைப் பழுக்கக் காய்ச்சி அடிப்பவர் வந்தால், அந்த இடத்தில் வைக்கோல் இருக்கக் கூடாது, அவர் போன பிறகு ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கே கண்காணிக்க வேண்டும். புகைபிடிப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான வேலை. டார்ச்சை அணைத்துவிட்டு, கூட வந்தவரிடம் சொல்லுங்கள்: “புகை மூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிக் குதிரையை வெளியே கொண்டுவாருங்கள்.” நேரத்தைக் குறியுங்கள். ஒரு லாயத்தில் இதைச் செய்தபோது, மேல் தாழ் உடனே திறந்தது. கீழ்த் தாழ் துருப்பிடித்திருந்தது. ஹால்டர், அதாவது தலையில் மாட்டும் வார், சேண அறையில் இருந்தது. அந்த அறை பூட்டியிருந்தது. சாவி மேலாளரின் வீட்டில். வேறொரு குதிரையின் ஹால்டரைக் கழற்றிவந்து மாட்டி வெளியே கொண்டுவர 4 நிமிடம் ஆனது. அங்கே மொத்தம் 14 குதிரைகள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கொட்டடிக்கும் வெளியே ஹால்டரும் கயிறும் தொங்க வேண்டும். தோலோ பருத்தியோ நல்லது; நைலான் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கதவு வெளிப்பக்கம் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வேண்டும், தாழ் ஒரு கையால் திறக்க வேண்டும், பூட்டே கூடாது. வெளியே வந்த குதிரை எங்கே போகும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். புகை போகும் பக்கம் இல்லாமல், காற்று வரும் பக்கம், கதவுள்ள ஓர் அடைப்பு வேண்டும். ஏனென்றால் மிரண்ட குதிரை, எரிகிற தன் கொட்டடிக்கே திரும்பி ஓடும். அதற்குத் தெரிந்த பத்திரமான இடம் அதுதான். அதனால் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்ததும் பின்னால் கதவைச் சாத்துங்கள். முரண்டு பிடிக்கும் ஒன்றோடு மல்லுக்கட்டாமல், எளிதாக வருவதை முதலில் எடுங்கள். கூரையில் தீ ஏறிவிட்டால் யாரும் உள்ளே போகக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் குதிரைக்காரர்களிடம் வெளிப்படையாக, பலமுறை சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் போய்விடுவார்கள், அவர்களை எனக்குத் தெரியும்.

நடக்கும்போதே துருத்திய ஆணி, வழுக்கும் தரை, உடைந்த பலகை எல்லாம் கண்ணில் படும், எழுதிக்கொள்ளுங்கள். குதிரையை நேராக வளையத்தில் கட்டாமல், இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய சணல் கண்ணியில் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எழுதிய குறைகளில் எதை முதலில் சரிசெய்வது? ஆபத்து நடக்கும் வாய்ப்புக்கு ஒரு எண், பாதிப்புக்கு ஒரு எண், இரண்டையும் பெருக்கு என்று ஒரு முறை உண்டு. தீ விஷயத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாய்ப்புக் குறைவு என்று எழுதியதும் பெருக்குத்தொகை சின்னதாகிவிடும், மனதும் சமாதானமாகிவிடும். நான் மூன்று பத்திகள்தான் போடுவேன்: இன்றே, இந்த வாரம், பணம் வந்ததும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒருவரின் பெயர்.

அந்த 14 குதிரை லாயத்துக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி ராத்திரியில் போனேன். கடைசிக் குதிரை 50 நொடியில் வெளியே வந்தது. ஹோஸ்தான் இன்னும் இரண்டு மீட்டர் எட்டவில்லை. ‘இன்றே’ பத்தியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.